கேட்டுக்காரிக்கு வேண்டியது மூஞ்சியா, பேரா

பகல் பன்னிரண்டரை. மணவூருக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவே, ரயில் தண்டவாளத்தை ஒட்டி, கரும்புக் கொல்லைக்குள் புகுந்து போகும் மண்சாலை. ஆள் இல்லை. ஆடு இல்லை. ஒரே ஒரு காக்கா மட்டும் வேலிக்கல்மேல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு... கத்தவில்லை, சும்மா திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராத்திரியில் கதை கேட்க உட்கார்ந்துவிட்டு, பகல் பன்னிரண்டரையா என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். ராத்திரியில் வருகிற பேய்க்கு நம்மைக் கண்டு பாதி பயம், அதனால்தான் இருட்டைத் தேடுகிறது. உச்சி வெயிலில் வருகிறது பாருங்கள், அதற்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. கொசுவத்தியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு... சரி, திறந்தே கிடக்கட்டும்.

அரக்கோணத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற சத்தார் பாயை உங்களுக்கெல்லாம் தெரியும். அவருடைய அக்கா மகன் அல்தாஃப். திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக். அந்தக் கத்திரி வெயிலில், அந்த மண்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் அவன்தான். எதற்குப் போனான்? ஒரு பொம்மைப் புத்தகத்துக்காக.

சிரித்தவர்கள் சிரித்து முடியுங்கள். காத்திருக்கலாம்.

'கேட்டுக்காரி' என்று ஒரு படக்கதை. மாதம் ஒன்று வரும். முழுக்கக் கறுப்பு வெள்ளை. கதை என்று பார்த்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். அடைத்துப் போட்ட ஒரு ரயில்வே கேட். அதன் பக்கத்தில் ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்த வழியாகப் போகிறவன் அவளிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பான். அவன் வீடு போய்ச் சேரமாட்டான். அவ்வளவுதான். இதையே நாலு வருஷமாக விதவிதமாக வரைந்து தள்ளிவிட்டார்கள், ஒரு கட்டத்தில்கூட அவள் முகத்தைக் காட்டியதில்லை. வரைவது யார், ஆணா பெண்ணா, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பின்னணியில் தெரிகிற சர்க்கரை ஆலைப் புகைபோக்கியையும், கழுத்து ஒடிந்த பனைமரத்தையும் வைத்து, இது நம்ம திருவாலங்காட்டுப் பக்கத்து கேட்தான் என்று திருத்தணி ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சுரங்கப்பாதை கட்டிய பிறகு ரயில்வேகாரர்கள் குழாய் போட்டு அடைத்த பழைய கேட். அப்புறம் கேட்க வேண்டுமா. மலைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அந்த கேட்டைப் பார்க்கத்தான் வந்தது. சரி, பாதி இல்லை. கால்வாசி.

இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'அடுத்தது என்ன?' என்று ஒரு பகுதி. கதை எங்கே போகிறது என்று வாசகர்கள் ஆரூடம் எழுதி அனுப்பலாம். கூடவே நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோவும் வைக்க வேண்டும். யாருடைய ஆரூடம் சரியோ அவரை அடுத்த இதழில் ஒரு கட்டத்தில் வரைந்துவிடுவார்கள். கீழே பெயரும் ஊரும் போடுவார்கள். டீக்கடையில் நிற்கிறவராக, பஸ்ஸில் தொங்குகிறவராக, அதிர்ஷ்டம் இருந்தால் பிணமாக. தினமும் லோக்கல் ரயிலில் மெட்ராசுக்கு வேலைக்குப் போகிற துர்கா என்கிற பெண்ணைத் தண்டவாளத்தில் கிடக்கும் பிணமாக வரைந்தார்கள். அந்தப் பெண் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

அல்தாஃபுக்கு உயிரே இந்தக் கடைசிப் பக்கம்தான். தன் பெயர் அச்சில் வர வேண்டும். 'அல்தாஃப், திருத்தணி.' அந்த ஒரு வரி போதும், சாகலாம் என்பான். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. சொன்னான்.

அவனுக்கு ஒரு எதிரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர் விற்கிற தணிகைமணி. 'கேட்டுக்காரி' வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவன்தான் அட்மின். அந்தக் குழுவில் நடந்த சண்டை, அப்பப்பா... பாகப்பிரிவினை வழக்கில்கூட அவ்வளவு விஷம் கக்கமாட்டார்கள். அவள் கேட்கீப்பரின் பெண்டாட்டி என்று ஒருவன் எழுதினால், இன்னொருவன் அவன் குடும்பத்தையே இழுப்பான். அவள் ஒருத்தி இல்லை, இரட்டைப் பிறவி என்று சொன்ன பாவத்துக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை விடிய விடியத் திட்டி, குழுவைவிட்டே துரத்தினார்கள். படித்தவன், படிக்காதவன் பேதமே கிடையாது. எல்லோருடைய வாயிலும் ஒரே சாக்கடை.

அல்தாஃபுக்குத் தட்டச்சு வராது. கை முழுக்க கிரீஸ். வாயால் பேசித்தான் அனுப்புவான். தணிகைமணி அந்தக் குரல் பதிவுகளை டீக்கடையில் வைத்து, இரட்டை வேகத்தில் ஓடவிடுவான். அல்தாஃப் தொண்டை கிழியப் பேசிய ஆரூடமெல்லாம் அணில் கத்துவது மாதிரி கீச்சுக் கீச்சென்று வரும். கடையே உருண்டு புரண்டு சிரிக்கும். ஒருநாள் அல்தாஃப் அந்தப் பக்கமாகவே வந்துவிட்டான். தன் குரல் அப்படிக் கீச்சிடுவதை வாசலில் நின்று முழுக்கக் கேட்டான். யாரும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த ஆரூடம் இது. அவள் ஏன் முகத்தைக் காட்டுவதில்லை? காட்ட முகம் இல்லை. வெறும் பின்னந்தலைதான், முன்னாலும் பின்னாலும். அவள் இத்தனை வருஷமும் முகம் தேடிக்கொண்டிருக்கிறாள். எவன் இதைக் கண்டுபிடிக்கிறானோ, கடைசி இதழில் அவனிடம்தான் வந்து எடுத்துக்கொள்வாள்.

தணிகைமணி சிரித்து முடித்துவிட்டு அவனைப் பார்த்துச் சொன்னான்.

"இன்னா பாவா, ஸ்பேனர் புடிக்கிற கைக்கு எதுக்கு இந்த வேலை? செயின் கழண்டா மாட்டத் தெரியும், கதை கழண்டா மாட்டத் தெரியுமா உனக்கு?"

அல்தாஃப் தன் கடைக்குப் போனான். ஆரூடத்தை, கைபேசியில் பேசிப் பேசியே எழுத்தாக்கி, தன் பெயரைப் போட்டான். போட்டோ வைக்கிற இடம் வந்தது. அங்கேதான் விரல் நின்றது.

யோசித்துப் பாருங்கள். ஆரூடம் சரி என்றால் கண்டுபிடித்தவன் தொலைந்தான். அந்த ஆரூடத்தை அல்தாஃப் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பினான். பெயர் அச்சில் வர வேண்டும். முகம் மட்டும் போகக் கூடாது. என்ன செய்வது? அட்மினின் முகப்புப் படம் கண்ணெதிரே இருந்தது. தணிகைமணி போன வருஷம் மலையில் மொட்டை போட்டு, தலை வழியச் சந்தனம் பூசிக்கொண்டு, நேராகப் பார்த்து எடுத்த படம். அதையே வைத்து அனுப்பிவிட்டான். அனுப்பிவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த இதழ் வந்தது. உறையைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. இதற்கு அடுத்த இதழோடு கதை முடிகிறது. உள்ளே நடுப்பக்கம்... உச்சி வெயில். கேட். முதுகைக் காட்டிக்கொண்டு அவள். அவளுக்கு எதிரே, நம்மைப் பார்த்தபடி ஒரு மொட்டைத்தலை. சந்தனத்துக்குப் புள்ளி புள்ளியாக மை. கன்னத்து நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. கீழே 'அல்தாஃப், திருத்தணி'. கட்டத்தின் மூலையில் ஒரே ஒரு வார்த்தை. 'வெள்ளிக்கிழமை.'

குழு வெடித்தது. முதலில் சிரிப்பு. மொட்டை போட்ட அல்தாஃப், சந்தனம் பூசிய அல்தாஃப் என்று ஊரே கொண்டாடியது. தணிகைமணி கொதித்துப் போய், என் மூஞ்சியைத் திருடிய சோமாரி என்று ஆரம்பித்து, எழுத முடியாத தூரம் வரைக்கும் போனான். அப்புறம்தான் துர்கா நிதானமாக ஒரு கேள்வியைப் போட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"ஆரூடம் சரின்னு அவங்களே ஒத்துகினாங்க. அப்ப வெள்ளிக்கிழமை அவ வரப்போறா. யாருகிட்ட வருவா? மூஞ்சிகிட்டயா, பேருகிட்டயா?"

அதற்கப்புறம் அந்தக் குழுவில் ஒருவரும் தூங்கவில்லை. பழைய இதழையெல்லாம் பரணிலிருந்து இறக்கினார்கள். கண்டக்டரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளே, அவன் திரும்பிய பிறகுதானே செத்தான், ஆகவே பெயர்தான் என்றது ஒரு கட்சி. லாரி டிரைவரைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்துத்தானே பிடித்தாள், ஆகவே முகம்தான் என்றது இன்னொன்று. துர்கா ஓட்டெடுப்பு வைத்தது. இரண்டு பேரில் யார் சாகப்போகிறான் என்று மணவூர், அரக்கோணம், திருத்தணி எல்லாம் ஓட்டுப் போட்டன. ஒருவர்கூட, பாவம், இரண்டு பேரும் பிழைக்கட்டும் என்று எழுதவில்லை. அப்படி ஒரு பொத்தானே அதில் இல்லை.

ஓட்டு பெயருக்கு அதிகம் விழுந்தது.

அல்தாஃபுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டான். ஆசைப்பட்டு அச்சில் ஏற்றிய பெயர், இப்போது கழுத்தில் கட்டிய மணி மாதிரி, அசைந்தால் சத்தம் போடுகிறது. அங்கே தணிகைமணிக்கும் நிலைமை அதேதான். அவன் கடைக் கண்ணாடியையெல்லாம் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டான். ஆனாலும் வீம்பு விடுமா. வியாழக்கிழமை சாயங்காலம் குழுவில் போட்டான். நாளைக்கு உச்சி நேரம் கேட்டுக்கு வா, இரண்டு பேரும் நிற்போம், யாரைக் கூப்பிடுகிறாள் பார்த்துவிடலாம், வராவிட்டால் உன் ஆரூடமும் பொய், நீயும் பொய்.

குழு கைதட்டியது. அல்தாஃப் ஒரே ஒரு குரல் பதிவு அனுப்பினான். "வரேன்."

வெள்ளிக்கிழமை அவன் அம்மா ரஹிமுன்னிசா துவைத்த வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருந்தாள், ஜும்மா தொழுகைக்கு. சட்டையைப் போட்டுக்கொண்டான். பள்ளிவாசல் தெருவிலிருந்து வண்டியை எடுத்தான். பள்ளிவாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். ஒலிபெருக்கியில் பாங்கு கேட்டது. முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே சின்னதாகிக் கடைசியில் இல்லாமல் போனது.

அப்படித்தான் அந்த மண்சாலைக்கு வந்தான்.

ஆலையிலிருந்து கழிவுப்பாகு நாற்றம். இனிப்பும் புளிப்புமாக, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற நாற்றம். கரும்புத் தோகை அசையவில்லை. தண்டவாளம் வெயிலில் நீண்டு, டிக்... டிக்... என்று தன்பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயில் என்பதால் எதற்கும் நிழல் இல்லை. மரத்துக்கு இல்லை, வண்டிக்கு இல்லை, அவனுக்கும் இல்லை.

தணிகைமணி முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். எப்படி? முழு ஹெல்மெட் போட்டுக்கொண்டு. கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு, தாடைப் பட்டையை இறுக்கிக் கட்டி. திருத்தணியில் போலீஸ் நிற்கும்போதுகூட அதை மாட்டாதவன். கழுத்தில் வியர்வை அருவியாகக் கொட்டுகிறது, ஆள் கழற்றுவதாயில்லை. மொட்டையடித்து வருஷமாகிவிட்டதால் வளர்ந்த முடி ஹெல்மெட்டுக்குக் கீழே ஈரமாகத் தொங்கியது.

"இன்னாத்துக்கு இது?" என்று அல்தாஃப் கேட்டான்.

"வெயிலு."

"வெயிலா. மூஞ்சிய மூடிகினா அவளுக்குத் தெரியாதுன்னு பாக்குற."

"பேர மாத்திகினு வந்திருக்கலாமே நீயும். அச்சுல வந்த பேரச் சொல்லி உன்னக் கூப்புட்டுகினு போவட்டும், நான் வீடியோ எடுத்துகினு போறேன்."

குழுவுக்கு நேரலையில் காட்டுவதாக ஏற்பாடு. கைபேசியில் சிக்னல் ஒரு கோடு இருந்தது. அதுவும் போனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் செத்தால்தான் இன்னொருவன் வீடு போகலாம் என்கிற கணக்கில் நிற்கிறவர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி.

தண்டவாளத்தின் சொடுக்கு நின்றது.

முதலில் வந்தது வாசனைதான். ஆலை நாற்றம் பட்டென்று அறுந்து... புதுப் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. காகிதமும் மையும். அவ்வளவு பெரிய வெளியில், அவ்வளவு வெயிலில், அந்த வாசனை மட்டும்.

அல்தாஃப் தலையைத் தூக்கினான்.

கேட்டை அடைத்த குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பெண். முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னல் இடுப்பு வரை. அவள் சேலைக்கு என்ன நிறம் என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைச் சேலை என்று சொல்லிவிட்டால் எளிது. வெள்ளை இல்லை. நிறமே இல்லை. பச்சைக் கரும்புக்கும் சிவந்த மண்ணுக்கும் நடுவே அவள் நின்ற இடத்தில் மட்டும் நிறம் இல்லை.

குரல் வந்தது. உறுமலா, ஊளையா... ஒன்றும் கிடையாது. தெருவில் வீட்டு விலாசம் விசாரிக்கிற பெண்ணின் குரல். மரியாதையான குரல்.

"இங்க அல்தாஃப் யாருங்க?"

தணிகைமணி கையை நீட்டிவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. இவன்தான், இவன்தான் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான். அல்தாஃபுக்கு ஓட்டெடுப்பு ஞாபகம் வந்தது. கண்டக்டர் ஞாபகம் வந்தான். அவசரமாகச் சொன்னான்.

"நான் இல்லைங்க. அந்தப் பேரு என்னுது இல்ல."

அவள் அசையவில்லை. அப்புறம் அதே குரல்.

"அப்ப படத்துல இருக்குற மூஞ்சி யாருதுங்க? கொஞ்சம் காட்டுங்க."

இப்போது தணிகைமணி இரண்டு கையாலும் கறுப்புக் கண்ணாடியைப் பொத்திக்கொண்டான். என்னுடையது இல்லைங்க, என் மூஞ்சியே இல்லைங்க, வேற யாரோ, என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

வெயில் அப்படியே நின்றது. காக்கா இன்னும் வாயை மூடவில்லை.

"அப்ப ரெண்டுமே யாருக்கும் வேணாம்," என்றாள் அவள். கேட்கவில்லை. கடைக்காரியிடம் மிச்சம் கிடக்கும் காயைப் பார்த்துச் சொல்வது மாதிரி சொன்னாள். "சரிங்க. நான் எடுத்துக்குறேன்."

ரயில் வந்தது. அரக்கோணம் பக்கமிருந்து நீளமான கூட்ஸ் வண்டி, இரைச்சலும் புழுதியுமாக, இந்த உலகத்தில் இனி வேறு சத்தமே கிடையாது என்பது மாதிரி. அது போய் முடிந்தபோது குழாய்க்கு அந்தப் பக்கம் கரும்பு மட்டும் இருந்தது. தண்டவாளம் டிக்... டிக்... என்றது. பாகு நாற்றம் திரும்பி வந்தது. அல்தாஃபுக்கு அந்த நாற்றத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

தன் கையைப் பார்த்தான். காலைப் பார்த்தான். எல்லாம் இருந்தது. சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு.

"கழட்டுடா அத. போய்ட்டா. இன்னும் யாருக்கு மூடிகினு நிக்கிற?"

தணிகைமணி பட்டையை அவிழ்த்தான். ஹெல்மெட்டைத் தூக்குவதற்காக இரண்டு கையையும் உள்ளே, தாடைக்குக் கீழே நுழைத்தான். நுழைத்த கை... உள்ளே எதையோ தேடியது. வலப்பக்கம் தேடியது. இடப்பக்கம் தேடியது. மேலே போயிற்று. அப்புறம் மெதுவாக வெளியே வந்தது. பட்டையைத் திரும்பவும் கட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பி, மணவூர்ப் பக்கம் போய்விட்டான்.

அவன் செல்போன் கடை இப்போதும் இருக்கிறது. போய்ப் பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பான், ஹெல்மெட்டோடு. என்ன வாங்கினாலும் விரலைக் காட்டித்தான் விலை சொல்லுவான்.

அல்தாஃபுக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. பயந்து வாயடைத்துப் போனான், பேமானி, என்றுதான் நினைத்தான். ஜெயித்த மிதப்பு. பிரதான சாலைக்கு ஏறியதும் சிக்னல் வந்தது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, குழுவில் ஒரு குரல் பதிவு போட்டான். கேட்டுக்காரி வந்தாள், நான் உயிரோடு இருக்கிறேன், உங்கள் அட்மின் அழுதான், ஓட்டுப் போட்டவனெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று. தொண்டை கிழிய.

துர்காவிடமிருந்து உடனே பதில் வந்தது.

"யாருங்க நீங்க? யாரு இந்த நம்பர உள்ள சேத்தது?"

விளையாடுகிறது என்று நினைத்தான். நான்தான் என்று மறுபடி பேசினான். இந்தத் தடவை துர்காவும் குரலாகவே அனுப்பியது. எரிச்சலான குரல்.

"அல்தாஃப் இப்பதானே பேசுனாரு, நல்லபடியா வூட்டுக்கு வந்துட்டேன், சாப்புடப் போறேன்னு. நீ யாரு நடுவுல?"

அதோடு அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அல்தாஃப் வண்டியை விரட்டின விரட்டில் கனகம்மாசத்திரம் பக்கம் மேய்ந்த மாடுகூட வால் தூக்கி ஓடியிருக்கும். பள்ளிவாசல் தெரு வந்தது. ஜும்மா முடிந்து தொப்பியும் கையுமாகத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கமாகக் கை தூக்குகிறவர்கள். யாரும் தூக்கவில்லை. வீட்டு வாசலில் தால்ச்சா வாசனை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தட்டில் கரண்டி படுகிற சத்தம்.

கதவைத் தட்டினான். தன் வீட்டுக் கதவை ஏன் தட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

ரஹிமுன்னிசா வந்தாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகனைக் கண்டு எந்தத் தாய் முக்காட்டை இழுப்பாள்? அவனை மேலும் கீழும் பார்த்தாள். கெட்ட முகமாக இல்லை, நல்ல முகமாகவே கேட்டாள்.

"யாருப்பா நீ? என்னா வேணும்?"

தமிழில் கேட்டாள். கவனியுங்கள். அந்த வீட்டில் உருதுதான் பேச்சு. அவன் பிறந்ததிலிருந்து அவள் அவனிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. தமிழ், பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும்.

"அம்மீ, நான்தான்..." என்றான். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான். நாக்கு தேடியது. பல்லுக்குப் பின்னால் தேடியது, தொண்டைக்குள் தேடியது. அந்த வார்த்தை அங்கே இல்லை. எந்த எழுத்தில் ஆரம்பிக்கும் என்றுகூட வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல். யார் அம்மீ, என்று உருதுவில். அவனுடைய குரலேதான்.

"யாரோ தெரியலை, அல்தாஃப். வெயில்ல வந்திருக்கான்," என்று அவளும் உருதுவில் சொன்னாள். அந்தப் பெயர் அவன் காதில் விழுந்தது. அடுத்த தெருவில் யாரையோ கூப்பிடுவது மாதிரி விழுந்து, ஒட்டாமல் போய்விட்டது.

பாவம், வாசலில் நிற்க வைக்காதீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்தவன் தானே டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தான். துவைத்த வெள்ளைச் சட்டை. மொட்டைத்தலை. தணிகைமணியின் முகம். கதவு வெளிச்சத்துக்கு வந்ததும் அந்தக் கன்னத்தில் நிழல் விழ வேண்டிய இடத்தில் நிழல் விழவில்லை, கோடுகள் இருந்தன. குறுக்கும் நெடுக்குமாக, நெருக்கமாக, பேனாவால் இழுத்த கோடுகள். அவன் சிரித்தபோது அவை அசையாமல் அப்படியே நின்றன. ரஹிமுன்னிசா அந்தக் கன்னத்தைப் பாசமாகத் தடவிவிட்டு, சோறு ஆறுகிறது, போய்ச் சாப்பிடு என்றாள்.

டம்ளர் இவன் கைக்கு வந்தது. குடித்தான். என்ன செய்வான், தாகம்.

குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தான். அந்த ஆளின் கட்டைவிரல் பட்டிருந்த இடத்தில், டம்ளர் விளிம்பில், கறுப்பாக ஒரு ரேகை. ரஹிமுன்னிசாவின் விரல் நுனியிலும் அதே கறுப்பு. அவள் அதைக் கவனிக்காமல் முக்காட்டில் துடைத்துக்கொண்டாள்.

மை. இன்னும் காயவில்லை.